இடம் பெயரும் மல்லிகை



மல்லிகைப் பூவைக் காணாதார் நம்முள் எவரும் இலர். மல்லிகை விதையைக் கண்டவர் உண்டா? குண்டுமல்லி என்று நாம் வழங்கும் செடி நம் நாட்டில் காய்த்து விதை தருவது மிக அரிது. ஆகவே, ஒவ்வொரு குண்டுமல்லிச் செடியும் வேறொரு செடியின் உடலினின்று பிரித்தெடுத்த ஒரு துண்டே ஆகும். தண்டை வெட்டி ஈரமணலில் ஊன்றியோ, கிளையை வளைத்து மண்ணுள் பதியன் போட்டோ அதனை வேர்விடச் செய்கின்றனர். வேர் விட்டபின் வேறிடத்துக்குப் பெயர்த்து நட்டாக வேண்டும். அப்படிப் பெயர்த்த செடி பிழைப்பதும் மடிவதும் எதனால் என்பதையே இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் என்னும் ஊர் மல்லிகை நாற்றுக்குப் பெயர் பெற்றது. கடற்கரை மணலில் வேர்விட்ட நாற்றுகள் அங்கிருந்து தமிழ்நாட்டின் பல பகுதிகளுக்கும் கட்டுக்கட்டாகச் செல்கின்றன. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்கள் பலவற்றுக்கும் அவ்வூரே தாய்வீடு. மணல் எளிதில் உதிர்வதால் வேர் மிக அறாமல் நாற்றைப் பிடுங்கலாம். ஆயினும், அத்தகைய நாற்று ஒன்று தருமபுரியின் செம்மண்ணுக்கு வந்து சேருமாயின், அதன் வேரில் பிறந்த மண் ஒரு பிடியும் ஒட்டியிராது.

இதனால் வரும் கேடு கண்ணுக்குத் தெரிவதன்று. நாம் வேர் என்று காணும் பழுப்பு நிற நார் பெரும்பாலும் நீரைக் கடத்தும் குழாயே. நீரை உறிஞ்சும் வேலையைச் செய்பவை, வேர்நுனிக்குச் சற்றுப் பின்னே அரும்பும் மிக நுண்ணிய வேர்த்தூவிகள். அவை ஒற்றை உயிரணுவின் நீட்சிகள். மண்துகள்களோடு நெருங்கி ஒட்டி நிற்பவை. செடியைப் பிடுங்கிய கணத்தில் அவற்றுள் பெரும்பாலானவை அறுந்துபோகின்றன. இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கின்றன. வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. புதிய தூவிகள் தோன்றும்வரை அந்தக் குடும்பத்தை எப்படிக் காப்பது? நடவுக் கலையின் கேள்வி இது ஒன்றே.

குளிர்நாடுகளில் லைலாக் என்னும் நறுமணப் புதர்ச்செடி உண்டு. மல்லிகையும் நம் பவழமல்லியும் அதுவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனை இடம் பெயர்ப்போர், இலை முழுதும் உதிர்ந்து செடி உறங்கும் காலத்தையே தேர்கின்றனர். இலை இல்லையேல் நீர்ச்செலவும் இல்லை அன்றோ! அந்தச் செடி தருமபுரியில் பூக்காது. மொட்டு விரிய அதற்குக் கடுங்குளிர் வேண்டும். நம் மல்லிகைக்கு அத்தகைய உறக்கம் இல்லை. ஆதலின், செடி உறங்கும் காலத்துக்கு ஈடாக, வானம் மூடியிருக்கும் காலத்தை நாம் தேட வேண்டியவராகிறோம். ஆனி முதல் ஐப்பசி வரை நடலாம். தருமபுரி மாவட்டத்தில் ஆவணி, புரட்டாசி மாதங்களின் மேகமூட்டமும் மழையும் இளஞ்செடிக்குப் பெருந்துணை. பங்குனி வெயிலில் நட்டுவிட்டுக் குடம் குடமாக ஊற்றுவோரைக் காணும்போது எனக்கு இரக்கமே உண்டாகிறது.

குழியை ஓரடி நீள, அகல, ஆழத்தில் முன்னரே வெட்டிச் சில நாள் வெயில் படவிட வேண்டும். பல செடிகளாயின் நான்கடி இடைவெளி தேவை. குழிக்குப் பத்துக் கிலோ தொழுவுரம் மேல்மண்ணோடு கலந்து இடலாம். அது நன்கு மக்கியதாக இருத்தல் வேண்டும். மக்காத உரம் கரையானுக்கு விருந்தாகும். நாற்றை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்து, மாலையில் எடுத்து, இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு நடுக. முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம் போதும். மண்ணைக் கையால் அழுத்தி, வேரைச் சுற்றிக் காற்றுப்பை நில்லாதபடி செய்தல் இன்றியமையாதது. தூவி முளைத்தாலும் பற்றிக்கொள்ள மண் இல்லையேல் என் செய்யும்?

நட்டவுடன் நீர் விட்டு, மேற்குப் புறத்தில் ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தால், முதற் பத்து நாளும் மாலை வெயில் தாக்காது.

அன்பினால் விளையும் கேடு இரண்டு உண்டு. ஒன்று, நாள்தோறும் நீரைத் தேக்குவது. வேரும் மூச்சுவிடும் உறுப்பே. சேற்றில் அது அழுகிவிடும். விரலை இரண்டங்குலம் மண்ணுள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையேல் நீர் விடுக. மற்றொன்று, விரைந்து வளரட்டும் என்று இரசாயன உரத்தை உடனே இடுவது. உப்பு மிகுந்த மண்நீர் வேரினின்றே நீரை வெளியே இழுக்கும் என்பதைச் சவ்வூடு பரவல் என்னும் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். புதுத்தளிர் விட்டு நிலைத்தபின் உரம் இடலாம்.

சுக்கான் கலந்த நிலங்களில் இன்னொரு தொல்லை எழுவதுண்டு. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளந்தளிர் மஞ்சளிக்கும். நீர் போதவில்லை என்று பலர் மேலும் ஊற்றுவர். அது நோயை மிகுவிக்கும். மண்ணில் இரும்பு இருந்தும், சுண்ணாம்பின் மிகுதியால் வேருக்கு எட்டாத நிலை அது. லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்து இலைமேல் தெளித்தால் பச்சை மீளும். ஐயம் நேர்ந்தால் பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

பள்ளிகளில் ஆண்டுதோறும் செடி நடுகிறோம். அடுத்த சித்திரையில் குழி மட்டும் எஞ்சுவதைப் பல இடங்களில் காண்கிறோம். மல்லிகையை நம்பி வாழும் குடும்பத்துக்கோ அந்த வெற்றுக்குழி விளையாட்டன்று. நன்கு ஊன்றிய செடி பத்தாண்டுக்கு மேலும் பூத்து, நாள்தோறும் கையில் காசு தருவது. பட்டுப்போன இடத்தில் மறுபடி நட்டால், அச்செடி பக்கத்துச் செடிகளின் நிழலில் ஒடுங்கியே வளரும்.

நட்ட முதற்பருவத்தில் தோன்றும் சில மொட்டுகளைக் கிள்ளிவிடுதல் நன்று. செடியின் வலிமை கிளைக்குச் செல்லும். அடுத்த ஆண்டு கார்த்திகையில், சில நாள் நீரை நிறுத்தி, தரைக்கு மேல் ஒன்றரை அடி விட்டுக் கவாத்துச் செய்க. மாசி, பங்குனியில் புதுக்கிளைகளின் நுனியில் மொட்டுத் திரளும். கதிரவன் எழுமுன் அவற்றை மொட்டாகவே கொய்துவிடுவர். மாலையில் அவை தாமே விரியும்.