பைத்துல்மால் பதிவேடும் பொதுக் கிணறும்

(நமது கணினிப் பயிற்சி மையத்தின் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

சென்ற ரமலானுக்கு முன் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் பைத்துல்மாலில் உதவி பெறும் குடும்பங்களின் பதிவேடு ஒரு கணினி மென்பொருளில் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கியது. விதவைகள், வயதானவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், படிப்புக்கு உதவி பெறும் பிள்ளைகள் என்று எல்லா விவரமும் அதில்தான். ஷஅபான் மாதக் கடைசியில் அரிசிப் பட்டியல் எடுக்கத் திறந்தோம். காலம் முடிந்துவிட்டது, புதுப்பியுங்கள் என்று வந்தது. போன் செய்தால், கட்டணம் பழையதைப் போல மூன்று மடங்கு. சரி, புதுப்பிக்க வேண்டாம், எங்கள் பட்டியலை மட்டும் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டோம். அதற்கும் தனிக் கட்டணம் என்றார்கள்.

அந்தப் பெயர்கள் எல்லாம் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் மாலை நேரங்களில் உட்கார்ந்து தட்டியவை. பெட்டிக்குள் இருந்தது நம் பொருள், சாவி வேறொருவர் கையில். பழைய மனுக்களை அலமாரியிலிருந்து இறக்கி, நான்கு இரவுகள் தராவீஹுக்குப் பிறகு உட்கார்ந்து மீண்டும் பட்டியல் எழுதினோம். அப்படியும் இரண்டு வீடுகள் விடுபட்டுப் போயின. அதில் ஒரு உம்மா பிறை இருபத்தேழு அன்று கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. நாங்களாகப் பார்த்து விசாரித்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தவறு எங்களுடையது. மனுக்காகிதத்தை வைத்துக்கொண்டு, அச்செடுத்த பட்டியலை வைத்திருக்கவில்லை.

இது முதல் விஷயம். இரண்டாவதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. நோன்பு முடிந்து வகுப்பு தொடங்கியதும், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நம் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறான்: "சார், இந்த விண்டோஸ் காசு குடுத்து வாங்கினதா, கடைக்காரர் சும்மா போட்டுத் தந்ததா?" ஆசிரியர் எங்களிடம் வந்தார். எண்ணிப் பார்த்தோம். பதினொரு கணினிகளில் மூன்றுக்குத்தான் முறையான உரிமம் இருந்தது. மற்ற எட்டும் கடைக்காரர் போட்டுத் தந்தவை. அதே அறையில்தான் மக்ரிபுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஹலால் ஹராம் பாடம் நடக்கிறது.

எழுத்து, கண்டுபிடிப்பு போன்ற கண்ணுக்குத் தெரியாத உரிமைகள் சொத்தாகுமா என்பதில் முந்தைய தலைமுறை உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. அறிவை விற்கலாமா, நகலெடுப்பதைத் தடுக்கலாமா என்று கேட்டவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். ஆனால் 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இவை ஷரீஅத் ஏற்கும் உரிமைகள், அவற்றை மீறக் கூடாது என்று தீர்மானித்தது. நாம் கலந்து பேசிய ஆலிம்களும் அதையே சொன்னார்கள். விலை அதிகம் என்பதால் அடுத்தவர் பொருளை எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் வழி என்ன? எட்டுக் கணினிக்கும் உரிமம் வாங்கலாம் என்று பார்த்தால், நம் கணினிகளில் பாதிக்கு மேல் யாரோ நன்கொடையாகத் தந்த பழையவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அடுத்த பதிப்பு அந்தப் பழைய கணினிகளில் ஏறாது. கணினியையே மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பொருளைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்க நம்மிடம் பணமும் இல்லை, மனமும் இல்லை.

இந்த இடத்தில்தான் கட்டற்ற மென்பொருள், திறந்த மூல மென்பொருள் என்று சொல்கிறார்களே, அதைப் பற்றி விசாரித்தோம். தாய்மார்களுக்குப் புரியும்படி சொல்கிறோம். வீட்டில் தண்ணீர் மோட்டார் எரிந்தால் தக்கலையிலோ இரணியலிலோ எந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தாலும் காயில் கட்டித் தருவார்கள். திறந்து பார்க்க முடிகிறது, அதனால் பழுது பார்க்க முடிகிறது. மோட்டாரைச் செய்த கம்பெனியே வந்துதான் திறக்க வேண்டும், வேறு யாரும் தொட்டால் குற்றம் என்றால் எப்படி இருக்கும்? பெரும்பாலான மென்பொருள்கள் அப்படித்தான் விற்கப்படுகின்றன. அதை எழுதிய மூல வரிகளை நமக்குக் காட்டுவதில்லை. கட்டற்ற மென்பொருளில் அந்த மூல வரிகளும் சேர்ந்தே வரும். பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-இல் இப்படி ஒரு முயற்சியை அறிவித்தார். 1991-இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் லினக்ஸை எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் பையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கும். அதன் அடித்தளம் அந்த லினக்ஸ்தான்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு ரூமா கிணறு நினைவுக்கு வந்தது. மதீனாவில் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், உஸ்மான் (ரலி) அவர்கள் அந்தக் கிணற்றைத் தம் பணத்தில் வாங்கி மக்களுக்கு விட்டார்கள். அதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் வாளிக்கும் மற்றவர் வாளிக்கும் வேற்றுமை இல்லை என்பது. வாங்கியவர் அவர்தான், ஆனால் எல்லோரையும் போலவே இறைத்துக் குடித்தார்கள். வக்ஃபு செய்தவர் போட்ட நிபந்தனைக்கு நம் ஃபிக்ஹில் எவ்வளவு மதிப்பு உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட ஜிபிஎல் என்ற உரிமமும் ஏறக்குறைய அப்படிப்பட்டது. நீ திருத்தலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கும் மூல வரிகளையும் இதே உரிமைகளையும் கொடுத்தாக வேண்டும். பொதுக் கிணற்றைச் சுற்றி யாரும் தனிச் சுவர் எழுப்ப முடியாது.

திறந்தது என்றால் யாரும் எதையும் மாற்றலாம் என்றும் அர்த்தம் இல்லை. பல குர்ஆன் செயலிகளில் இருக்கும் அரபி மூலம், 2007-இல் தொடங்கிய தன்ஸீல் என்ற பணியிலிருந்து எடுத்தது. யாரும் நகலெடுக்கலாம், செயலியில் சேர்க்கலாம். ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. எது பொதுவாக இருக்க வேண்டும், எது மாறாமல் இருக்க வேண்டும் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

இதெல்லாம் பெரிய நகரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளா. 1956 வரை நாமும் அந்தத் திருவிதாங்கூரில்தான் இருந்தோம். 2001-இல் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அதன்பின் சில ஆண்டுகளில் கேரள அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடம் லினக்ஸுக்கு மாறியது. ஒரு கம்பெனியின் பொருளைப் பற்றி மட்டும் பாடம் நடத்துவது சரியா என்று கேள்வி எழுப்பியவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். இன்றைக்குப் பாறசாலைப் பள்ளியில் படிக்கிற நம் சொந்தக்காரப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், லினக்ஸ் அவர்களுக்குப் புதிதல்ல.

நம் பக்கமும் முயற்சி நடந்தது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது, 2006-க்குப் பிறகு, அந்த அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியிலும் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் வீடுகளுக்கு வந்த மடிக்கணினிகள் என்ன ஆயின? கடையில் கொடுத்து, இது எதற்கு இடத்தை அடைக்கிறது என்று அழித்துவிட்டு வந்தோம். சொல்லித்தர ஆள் இல்லை. விலையில்லாமல் வந்ததன் விலை நமக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் மடலின் பழைய இதழ்கள் சில குறுந்தகட்டில் இருக்கின்றன. திறந்தால் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் கோடும் புள்ளியுமாக வரும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு முறை. அவர் எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் நாம் எழுதியதை நாமே படிக்க முடியாது. யூனிகோடில் தமிழ் 1991-லேயே சேர்ந்துவிட்டது. தமிழக அரசு அதை 2010-இல்தான் தரமாக அறிவித்தது. இன்றைக்கு துபாயிலிருந்து மகன் அனுப்பும் தமிழ்ச் செய்தி நெய்யூரில் வாப்பாவின் போனில் சரியாகத் தெரிகிறதென்றால், எழுத்துக்கான எண் யாருடைய தனிச் சொத்தும் இல்லை என்பதுதான் காரணம்.

இப்போது நியாயத்தின் மறுபக்கத்துக்கு வருகிறோம். கிணற்றைப் பொதுவில் விட்டாயிற்று. கோடைகாலத்தில் ஒருவர் டேங்கர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, மோட்டார் வைத்து உறிஞ்சி, ஊர் ஊராக விற்றால்? கேட்டால், பொதுக் கிணறுதானே என்பார். தூர்வார மட்டும் வரமாட்டார். மென்பொருள் உலகில் இந்தச் சண்டை ஓயவில்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஒரு சிறு மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரிந்து உலகமே பதறியது. எத்தனையோ பெரிய கம்பெனிகள் அதை நம்பியிருந்தன. அதைப் பராமரித்தவர்களோ, தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்த சில தன்னார்வலர்கள்.

பெரிய கம்பெனிகள் இலவசமாக எடுத்துக்கொள்கின்றன என்று சொல்லி, சிலர் தங்கள் மென்பொருளின் உரிமத்தை இறுக்கிவிட்டார்கள். அது அவர்களை நம்பி உழைத்தவர்களுக்குச் செய்த துரோகம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எங்களுக்குப் படுகிறது. ஆனால் டேங்கர்காரருக்குப் பயந்து கிணற்றை மூடினால், குடத்தோடு வருகிறவர்களுக்கும் தண்ணீர் இல்லாமல் போகும். டேங்கர்காரரிடம் தூர்வாரும் கூலியைக் கேட்டு வாங்குவதுதான் முறை.

நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை என்று ஒன்று. நம்மைப் போல ஓர் அறக்கட்டளைதான். 2000-ஆம் ஆண்டு பிறந்தால் அவர்கள் நூலக மென்பொருள் வேலை செய்யாது என்ற நிலை வந்தது. பக்கத்திலிருந்த ஒரு சிறு நிறுவனத்துக்குக் காசு கொடுத்துப் புதிதாக எழுதச் செய்து, அதை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். கோஹா என்று பெயர் வைத்தார்கள். மாவோரி மொழியில் நன்கொடை என்று பொருள். நம் நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்று ஓடுவது அதுதான். பிற்காலத்தில் ஓர் அமெரிக்க நிறுவனம் நியூசிலாந்தில் கோஹா என்ற பெயரையே தன் வணிகச் சின்னமாகப் பதியப் பார்த்தது. பயன்படுத்துகிறவர்கள் பல நாடுகளிலிருந்து பணம் அனுப்பி உதவினார்கள். அந்தப் பெயர் நிறுவனத்துக்குக் கிடைக்கவில்லை. கிணறு வெட்டியவர்களோடு தண்ணீர் குடித்தவர்களும் சேர்ந்து நின்றார்கள்.

நம் முடிவைச் சொல்கிறோம். எட்டுக் கணினிகளில் இருந்த உரிமமில்லாத மென்பொருளை நீக்கியாயிற்று. அவற்றில் லினக்ஸும் லிப்ரே ஆஃபீஸும் போட்டிருக்கிறோம். வேலைக்குப் போனால் எக்ஸல், டேலி கேட்பார்களே, வளைகுடாவில் லினக்ஸ் என்றால் யார் எடுப்பார்கள் என்று பெற்றோர் கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் முறையாக வாங்கிய மூன்று கணினிகளை அப்படியே வைத்திருக்கிறோம். பத்தாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் முறை வைத்து அதில் பழகலாம். கூட்டல், சூத்திரம், அட்டவணை எல்லாம் லிப்ரே ஆஃபீஸில் கற்றவருக்கு எக்ஸல் இரண்டு நாள் வேலை. சிரமமே இல்லை என்று சொல்லமாட்டோம். பழைய பிரிண்டர் ஒன்று இன்னும் வழிக்கு வரவில்லை.

பைத்துல்மால் பதிவேடு இனி எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரண அட்டவணைக் கோப்பில் இருக்கும். மாதம் ஒருமுறை அச்செடுத்து அலமாரியில் பூட்டப்படும். திறந்த மென்பொருள் என்றால் உதவி வாங்குகிறவர்கள் பெயரை ஊரே பார்க்குமா என்று ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருந்தார். பார்க்காது. திறந்திருப்பது மென்பொருள் எழுதப்பட்ட விதம் மட்டும்தான். பட்டியலுக்குக் கடவுச்சொல் உண்டு, அது இரண்டு பேரிடம் மட்டும் இருக்கும். ஒருவருடைய வறுமை அமானிதம்.

நாமும் டேங்கர்காரராக இருக்கக் கூடாது என்பதற்காக, மிச்சமான உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் இந்த மென்பொருள்களைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புவதென்று நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. இதற்கு ஜகாத் பணத்தைத் தொடமாட்டோம். ஜகாத்துக்கு உரியவர்கள் யார் என்பது குர்ஆனில் வரையறுக்கப்பட்டது. பொது நன்கொடைக் கணக்கிலிருந்துதான் போகும். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் லிப்ரே ஆஃபீஸின் தமிழ்ச் சொற்களில் பிழை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் தூர்வாருவதுதான்.

அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும் மடிக்கணினி வீட்டில் இருந்தால், வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு மையத்துக்குக் கொண்டு வாருங்கள். நம் பிள்ளைகளே பார்த்துச் சரிசெய்து தருவார்கள். காசு வேண்டாம். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அதற்கு முன், அதில் இருக்கும் கல்யாணப் படங்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு எங்களைக் கேட்டால் கிடைக்காது. வஸ்ஸலாம்.