சாவி வைத்திருந்த பெரியவர்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவு நாளையொட்டி தாம்பரத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பண்டிதரைப் பற்றிப் பேசணும்னு தோழர்கள் கேட்டபோது, அவருடைய வரலாற்று ஆராய்ச்சியைப் பற்றியோ, சொல்லுக்குச் சொல் அவர் கொடுத்த விளக்கங்களைப் பற்றியோ பேசப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்கு என்னைவிடப் படித்தவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். ஒரு சமயக் கூட்டத்தின் மூத்தவராகக் கடைசிப் பதினாறு வருஷம் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட பெரியவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர், எந்தச் சேரிக்குப் போனாலும் அம்மன் கோயில் சாவி ஒருத்தர் கையில் இருக்கும். ஜெபவீட்டுச் சாவி இன்னொருத்தர் கையில் இருக்கும். விடியறதுக்கு முந்தி எழுந்து கதவைத் திறப்பார், கூட்டுவார், விளக்கேற்றுவார். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் சாவு விழுந்தாலும் முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஆள் ஓடும். சம்பளம் கிடையாது. அவரைப் பற்றி ஒரு கட்டுரையும் வந்ததில்லை. நாம் அரசியல் பேசுகிறவர்கள் இல்லையா, பக்தி என்றாலே அடிமைப்புத்தி என்று ஒரு தீர்ப்பை எழுதி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பண்டிதருடைய வாழ்க்கை அந்தத் தீர்ப்பை மறுவிசாரணைக்கு எடுக்கச் சொல்கிறது.

இந்த ஊருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2005 இல் திறந்தார்கள். அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை என்று பெயர். காலையில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறவரிடம் இது யாருங்க என்று கேட்டுப் பாருங்கள். சித்தா ஆஸ்பத்திரி என்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெயரை எழுதினவர்களும் சரி, பெயருக்காகக் கை தட்டின நாமும் சரி, அந்த மனிதர் என்ன செய்தார் என்று எடுத்துச் சொல்லவில்லை.

பண்டிதர் பிறந்தது 1845 மே 20. பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமிழும் வைத்தியமும் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக ஆக்கிக்கொண்டார். நீலகிரியில் வாழ்ந்தார். அங்கே இளமையில் அத்வைதானந்த சபை நடத்தினார். பிறகு சென்னை இராயப்பேட்டையில் வைத்தியம் பார்த்தார். திரு.வி.க. சிறுவயதில் கால் முடங்கிக் கிடந்தபோது அவரை எழுந்து நடக்க வைத்தது பண்டிதருடைய வைத்தியம். தன் வாழ்க்கைக் குறிப்புகளில் திரு.வி.க.வே அதைப் பதிவு செய்திருக்கிறார். நம்மைத் தெருவுக்குள் விடாத சாதியாரின் பிள்ளைக்கும் நம்ம கை மருந்து கொடுத்திருக்கிறது. மருந்துக்குத் தீட்டில்லை போலிருக்கிறது.

அவர் வாழ்க்கை திரும்பிய இடம் 1892. சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் போகிறார். சிவனும் விஷ்ணுவும் எல்லாருக்கும் பொதுவான சாமி என்கிறீர்களே, அப்படியானால் எங்களைக் கோயிலுக்குள் விடுவதில் என்ன தடை என்று எழுந்து கேட்கிறார். கூடாது என்று சபையில் கூச்சல். தஞ்சாவூர்க்காரரான ஒரு சாஸ்திரி எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவர்கள் இல்லை என்கிறார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடமும் எங்களுக்குத் தரிசு நிலமும் கொடுக்கத் தீர்மானம் போடுங்கள் என்கிறார் பண்டிதர்.

இந்தக் காட்சியை மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆனால் அதற்கடுத்து நடந்ததைச் சொல்வதில்லை. கோயில் கதவை அவர் மறுபடி தட்டவில்லை. தனக்கென்று ஒரு வீட்டைக் கட்டப் போய்விட்டார்.

1898 இல் கர்னல் ஆல்காட்டின் உதவியோடு கொழும்புக்குப் போய், சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெறுகிறார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்குகிறார். அப்போது அவருக்கு 53 வயசு. நான் வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் ஆபீசில் 53 வயசுக்காரர்கள் விருப்ப ஓய்வில் போனால் எவ்வளவு கைக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். இவர் அந்த வயசில்தான் ஆரம்பிக்கிறார்.

சங்கம் என்றால் மடம், சிம்மாசனம், காவி என்று நினைக்கக்கூடாது. பண்டிதர் துறவி அல்ல. பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழ்ந்த இல்லறத்தார், உபாசகர். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம். பஞ்சசீலம் சொல்வார்கள். யாராவது பிரசங்கம் செய்வார்கள். வைசாகப் பௌர்ணமி கொண்டாடுவார்கள். பிள்ளைக்குப் பெயர் வைப்பது, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் புரோகிதன் இல்லாமல் தாங்களே நடத்துவதற்கு ஒரு முறையை ஏற்படுத்தினார்கள். எனக்கு இதுதான் பெரிய காரியமாகப் படுகிறது. சாதி நம்ம வீட்டுக்குள்ளே நுழைவது இந்த மூணு வாசல் வழியாகத்தான். சாவு வீட்டில் யார் பறை அடிப்பது, யார் குழி வெட்டுவது, யார் தள்ளி நிற்பது என்பதிலே மொத்த ஊரும் தன் வரிசையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறது. அந்த வரிசையைத் தன் கூட்டத்துக்குள் கலைத்துப் போட்டார் பண்டிதர்.

62 வயசில் பத்திரிகை ஆரம்பிக்கிறார். 1907 ஜூன் 19, புதன்கிழமை. நாலு பக்கம். விலை காலணா, அதாவது ஒரு பைசா. பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரு வருஷம் கழித்து 'தமிழன்' ஆனது. அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 64 பைசா. அப்படியென்றால் வருஷம் 52 வாரத்துக்கும் சேர்த்துப் பதிமூணு அணா. கூலிக்காரன் வாங்கட்டும் என்று வைத்த விலை அது. வாசகர்கள் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள், பதில் எழுதுவார். புத்தர் சரித்திரம் தொடராக வரும். இந்திரர் தேச சரித்திரம் வரும். 1914 மே 5 அன்று சாகும்வரை ஏழு வருஷம் இதை நடத்தினார். வைத்தியம் பார்த்துக்கொண்டே நடத்தினார்.

அந்தக் காகிதம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் கிளைகள் முளைத்தன. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், செகந்திராபாத், கடல் தாண்டி ரங்கூன், டர்பன். சுரங்கத்தில் இறங்கினவர்கள், பட்டாளத்தில் இருந்தவர்கள், கப்பலேறிப் போனவர்கள். அவர் போன பிறகும் அது உடனே அணைந்துவிடவில்லை. 1920களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து 'தமிழன்' இதழை மறுபடி நடத்தினார். பண்டிதரோடு இயங்கிய பேராசிரியர் லட்சுமி நரசு 1907 இல் எழுதிய பௌத்த நூலை 1948 இல் மறுபதிப்புச் செய்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் பாபாசாகேப் அம்பேத்கர். நாக்பூரில் 1956 இல் நடந்ததற்கு முன்னோட்டம் இராயப்பேட்டையில் நடந்து முடிந்திருக்கிறது. இதெல்லாம் நமக்கே பரவலாகத் தெரியவந்தது, ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999 இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகுதான். எண்பத்தஞ்சு வருஷம் ஒரு பெரியவரை மறக்க வைக்க முடிந்திருக்கிறது.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் பேசியாகணும். பண்டிதருடைய எழுத்தில் தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்ற பிரிவினை இருக்கிறது. அருந்ததியர், குறவர், தோட்டி வேலை செய்தவர்கள் ஆகியோரை நம்மோடு சேர்த்து எண்ணாதே என்று அவர் எழுதிய இடங்கள் உண்டு. காலத்தைக் காரணம் காட்டி இதை மூடி மறைப்பது அவருக்கு மரியாதை ஆகாது. சாதிபேதமற்றவர் என்று ஒரு வீட்டைக் கட்டியவர், அதன் வாசலில் சிலரை நிறுத்திவிட்டார். தாம்பரம் 2021 இல் மாநகராட்சி ஆனது. இன்று விடிகாலையில் இந்தத் தெருக்களைக் கூட்டுகிறவர்கள் யார், நம்ம கூட்டத்துக்கு அவர்களில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பாருங்கள். அவர் விட்ட குறையை நாம் தொடர்ந்துகொண்டிருக்கிறோம். அவர் கட்டினதைத் தொடர்கிறோமா என்றால், அதுதான் இல்லை.

கடைசியாக ஒரு விஷயம். 1911 மக்கள் கணக்கெடுப்பு நெருங்கிய சமயத்தில், சாதிபேதமற்ற திராவிடர், பௌத்தர் என்று பதிவு செய்யுங்கள் என்று பண்டிதர் பிரசாரம் செய்தார். கணக்கெடுக்க வருகிறவன் என்ன எழுதிக்கொள்கிறான் என்பது வாழ்வா சாவா என்கிற கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வங்கிக் கவுண்டரில் தினமும் நான் பார்க்கிறேன். கணக்குத் தொடங்கும் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம், பிரிவு என்று ஒரு கட்டம். வீட்டில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் வைத்திருக்கிற பையன் கேட்கிறான்: "என்ன சார் போடறது?" கூட வந்த அம்மா சொல்கிறார்: "இந்துன்னே போடுடா, இல்லாட்டி ஸ்காலர்ஷிப் போயிடும்."

அந்த அம்மாவின் பயம் மூடத்தனம் இல்லை. 1950 இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும்தான் பட்டியல் சாதி என்றது. 1956 இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். பௌத்தரைச் சேர்க்க 1990 வரை ஆனது. கிறித்தவ தலித்துகளுக்கு இன்றும் கதவு சாத்தித்தான் இருக்கிறது. நாற்பது வருஷம் சட்டமே நம்மைப் பயமுறுத்தி இந்துவாக எழுத வைத்தது. சட்டம் மாறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பயம் மாறவில்லை. ஏனென்றால், "பௌத்தம்னு போட்டாலும் உன் சலுகை போகாது"ன்னு வீடு வீடாகப் போய்ச் சொல்வதற்கு இந்தப் பகுதியில் ஒரு பெரியவர் இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கப் போவதாக 2025 இல் நடுவண் அரசு அறிவித்திருக்கிறது. என்ன எழுதணும்னு அவரவர் முடிவு பண்ணட்டும். ஆனால் பயத்தில் யாரும் எழுதக்கூடாது.

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023 இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். சந்தோஷம். மாலை போட ஓர் இடம் கிடைத்தது. ஆனால் மாலை போடுவதற்கு வருஷத்தில் இரண்டு நாள் போதும். அவர் செய்தது வாரா வாரம் செய்த வேலை. அதனால் மூணு காரியம் கேட்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு இங்கே கூடி அவர் எழுத்தைச் சத்தமாக, படிக்கத் தெரியாதவர்களுக்கும் கேட்கிற மாதிரி வாசிப்போம். அடுத்து நம்ம தெருவில் விழுகிற சாவை, எந்த உட்சாதியானாலும், எல்லாரும் சேர்ந்து தூக்குவோம், எல்லாரும் சேர்ந்து குழி வெட்டுவோம். கணக்கெடுப்பு வருமுன்னே சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு தாளில் அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். அச்சுக்கூலியில் என் பங்கை இன்றைக்கே தந்துவிடுகிறேன்.

கொண்டுபோய்க் கொடுக்க வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் சொல்லுங்கள்.