முள்ளை முள்ளால் எடு: இம் முதுமொழி யாருடையது?



கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பார் காலில் முள் தைத்தால் என் செய்வார்? இடுப்பில் முள்வாங்கி இருப்பின் அதனால் களைவார். இல்லையேல், அருகே நிற்கும் கருவேலின் நீண்ட முள்ளொன்றை ஒடித்துத் தோலைக் கீறித் தைத்த முள்ளை நெம்பி எடுப்பார். "முள்ளை முள்ளால் எடு" என்பது அவர்க்கு ஏட்டுரை அன்று, கைப்பழக்கம்.

"இம் முதுமொழி வடமொழியினின்று வந்தது; தமிழன் பெயர்த்துக்கொண்டான்" என்பார் உளர். வடமொழி அறப்பாடல்களில் இக்கருத்து உண்டு என்பது மெய்யே. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின், ஒன்று ஓரிடத்தில் எழுதப்பட்டமையாலேயே அது அங்குத்தான் பிறந்தது எனல் எங்ஙனம் பொருந்தும்?

தமிழிலும் சான்று உண்டு. பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்றாகிய பழமொழி நானூற்றில், முன்றுறையரையனார் இம் முதுமொழியை ஒரு வெண்பாவின் ஈற்றில் அமைத்துள்ளார். பகைவனுக்குள்ளேயே வாழும் பகையைத் துணையாகப் பெறுதல் நன்று என்பது அதன் கருத்து. தாம் எடுத்தாண்ட பழமொழிகள் பண்டையவை என அந்நூற் பாயிரமே பகர்கின்றது. ஆகவே அரையனாரும் இதனைப் படைத்தவர் அல்லர். மக்கள் வாய்மொழியைத் தொடுத்தவர். திருவள்ளுவரும் வினைசெயல்வகையில், ஒரு வினையால் மற்றொரு வினையை முடித்தற்கு, யானையைக் கொண்டு யானையைப் பிடித்தலை உவமை காட்டினார்.

கிரேக்கரும் உரோமரும் ஆணியை ஆணியால் கழற்றுக என்றனர். அவர் தமிழரிடம் கற்றார் என்றோ, தமிழர் அவரிடம் கற்றார் என்றோ கூறச் சான்றில்லை. இடுக்கண் ஒத்திருப்பின் தீர்வும் ஒத்திருக்கும். முள் தைத்த காலுக்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டுவதில்லை!

ஈண்டு இருவகைப் பிழை உண்டு. "யாவும் பிறர் தந்தவை" எனல் அடிமையுள்ளம். "யாவும் தமிழே ஈன்றது" எனச் சான்றின்றி முழங்கல் வெற்றாரவாரம். பின்னதே நமக்குப் பெருங்கேடு. பொய்யுரிமை ஒன்று வெளிப்பட்டால், மெய்யுரிமை நூறும் ஐயத்துக்கு உள்ளாகும். மாற்றார்க்கு வாளைத் தீட்டிக் கொடுத்தவர் ஆவோம்.

செய்யத்தக்கது யாது? ஆண்டிபட்டி முதல் கூடலூர் வரை முதியோர் நாவில் வாழும் முதுமொழிகளைத் தொகுக்க வேண்டும். மாணாக்கர் ஒவ்வொருவரும் பத்து மொழிகளையேனும், அவை வழங்கும் ஊர், சொல்லப்படும் சூழல், பொருள் ஆகியவற்றுடன் எழுதி வைக்கட்டும். பிறப்பிடம் புலப்படாத மொழிக்குப் "பிறப்பிடம் புலப்படவில்லை" என்றே குறிக்கட்டும்.

முதலில் சொன்னவர் பெயர் மறைந்திருக்கலாம். சொல்லைக் காத்து வழங்குவோர் தமிழர். அவ்வுரிமைக்குப் பொய்ச்சான்று வேண்டா!

வாழ்க தமிழ்!