தடிமனோடு வீடு திரும்பியவன்



இன்று என் குரல் சற்றுக் கரகரப்பாக ஒலித்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். பத்து நாட்கள் கொழும்பில் தங்கிப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணியை முடித்துக்கொண்டு, போன வாரம் பதுளைக்குத் திரும்பினேன். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை, அவற்றோடு ஒரு தடிமன். அந்தத் தடிமன்தான் இன்றைய என் பேச்சின் பொருள்.

தடிமனைப் பற்றிப் பேசவும் ஓர் இலக்கிய உரையா என்று நீங்கள் கேட்கலாம். உயிரைக் கொல்லாத நோய் அது. மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு வீட்டில் யார் படுக்கலாம், யார் படுக்க முடியாது என்பதை இந்தச் சின்ன நோய் காட்டிக் கொடுப்பதுபோல வேறெதுவும் காட்டுவதில்லை. இதை நான் என் சொந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழாசிரியன் என்பதால் இந்தப் பழக்கம் விடுவதில்லை. யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு இது தடிமன். பத்திரிகைத் தமிழில் ஜலதோஷம். சித்த வைத்தியர்கள் நீர்க்கோவை என்பார்கள். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் "சளி புடிச்சிருச்சு" என்போம். பெயர் எதுவானாலும் வினை ஒன்றுதான். தமிழில் நாம் தடிமனைப் பிடிப்பதில்லை. தடிமன்தான் நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் இது நேர்மாறாக இருக்கிறது. அங்கே மனிதர்தாம் தடிமனைப் பிடிக்கிறார். நம்மைப் பிடித்ததை வைத்து நம்மைக் குறை கூற முடியாது என்ற ஆறுதல் தமிழில் உண்டு. ஆனால் அதை நாம் யாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம் என்ற கேள்விக்கு அந்த ஆறுதல் பதிலாகாது.

2014ஆம் ஆண்டு ஜனவரி மாதம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்தின் தொங்கல் வீட்டில் அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள், நான் என ஐவர் இருந்தோம். அத்தான் கொழும்பில் ஒரு கடையில் வேலை. நான் பட்டதாரி ஆசிரியனாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து இரவு மெயிலில் ஊர் திரும்பினேன்.

அந்தப் பயணத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொழும்புக் கோட்டையில் வியர்த்துக்கொண்டு ஏறுகிறோம். நாவலப்பிட்டியைத் தாண்டினால் சட்டைக் கையை இறக்கிவிடத் தோன்றும். விடியுமுன் பட்டிப்பொலைப் பக்கம் 1,898 மீற்றர் உயரத்தை ரயில் தொடும்போது பல்லோடு பல் அடிக்கும். அங்கே ஒரு சுரங்கத்தைக் கடந்தால் ஊவாப் பக்கம். பிறகு அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என்று இறக்கம். 1924இல் பதுளையை எட்டிய பாதை அது. அன்று என் பெட்டியின் யன்னல் ஒன்று மூட மறுத்தது. தெமோதரை வரும்போது நான் பத்துத் தடவையாவது தும்மியிருப்பேன்.

"யன்னல் காத்துதான்" என்று வீட்டுக்கு வந்ததும் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானும் அப்படியே நம்பினேன். உண்மை அதுவன்று. தடிமனை உண்டாக்குபவை கண்ணுக்குத் தெரியாத வைரசுகள். அவற்றுள் முக்கியமானதான ரைனோவைரசை விஞ்ஞானிகள் 1950களில் இனங்கண்டார்கள். அதில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருப்பதால், ஒரு தடவை வந்து போனாலும் மறு தடவை வராது என்ற உத்தரவாதம் கிடையாது. உடலுக்குள் புகுந்து ஒன்றிரண்டு நாட்கள் சென்ற பிறகே அது தும்மலாக வெளிப்படும். ஆகவே யன்னலை நான் குற்றம் சொன்னது தவறு. ஒரு மண்டபத்தில் பல மாவட்டத்து ஆசிரியர்கள் நெருங்கியிருந்து, தாள்களைக் கைமாற்றி, ஒரே வாங்கில் தேநீர் குடித்தோமே, அங்கேயே அது என்னோடு சேர்ந்துவிட்டது. ரயிலில் ஏறியபோதே நாங்கள் இருவர்.

வீட்டில் எனக்குக் கிடைத்த உபசாரத்தைக் கேளுங்கள். அடுப்புக்குப் பக்கத்து மூலையில் பாய் விரிக்கப்பட்டது. வீட்டிலிருந்த நல்ல கம்பளி எனக்குத் தரப்பட்டது. கொத்தமல்லியையும் வேர்க்கொம்பையும் தட்டிப்போட்டு அவித்த தண்ணீர் மூன்று வேளையும் வந்தது. கற்பூரவள்ளி இலையும் நொச்சி இலையும் போட்ட கொதிநீர்ச் சட்டிக்கு மேல் என் தலையை வைத்து, போர்வையால் மூடி அம்மா ஆவி பிடிக்கவைத்தார். பிள்ளைகள் இருவரும் "மாமாவுக்குச் சளி" என்று சொல்லிக்கொண்டே என் மீது ஏறி விளையாடினார்கள். பாடசாலை தொடங்கியிருந்தது. மூன்று நாள் சுகவீன லீவுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அந்த மூன்று நாளுக்கும் என் சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை.

மூன்றாம் நாள் அக்கா தும்மினார்.

ஐந்து பேர் படுத்தெழும் ஒற்றைக் காம்பராவில் அது நடக்காமலிருந்தால்தான் அதிசயம். அதிகாலையில் கண் விழித்துப் பார்க்கிறேன். அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருக்கிறார். மூக்கு சிவந்து, கண் கலங்கியிருந்தது. வெளியே வடகீழ்ப் பருவக்காற்று மழை. எங்கள் ஊவாவுக்கு அதுவே அடைமழைக் காலம்.

"அக்கா, நீ படு. இன்னிக்குப் பிரட்டுக்குப் போகாத" என்றேன்.

"நீ படு தம்பி. ஒனக்குப் படிக்கிற ஒடம்பு" என்றார் அவர்.

அதில் குத்தல் எதுவும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் போன பிறகு எனக்குப் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, ஒரு கடிதவுறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நேயர்களே, அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா. விலைப் பங்குக் கொடுப்பனவு 30 ரூபா. வருகைக் கொடுப்பனவு 140 ரூபா. மொத்தம் 620 ரூபா. ஆனால் அந்த 140 ரூபா எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மாதத்தில் வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு 75 வீதம் வேலைக்குப் போயிருந்தால்தான் கிடைக்கும். அந்த மாதம் 24 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 18 நாள் போக வேண்டும். ஒரு சாவீட்டுக்கும், பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கும் என்று அக்கா ஏற்கெனவே ஐந்து நாள் நின்றுவிட்டார். மிச்சமெல்லாம் போனால் 19 நாள், 11,780 ரூபா. தடிமனுக்காக மூன்று நாள் படுத்தால் 16 நாள். போகாத மூன்று நாட் சம்பளம் மட்டுமல்ல, போன 16 நாளின் வருகைக் கொடுப்பனவும் போய்விடும். கைக்கு வருவது 7,680 ரூபா. அதாவது, மூன்று நாள் தடிமனின் விலை 4,100 ரூபா.

எனக்கு இனாமாகக் கிடைத்த அதே தடிமன், அதே வீட்டில், என்னிடமிருந்தே போனது.

சாயந்தரம் அக்கா நனைந்து திரும்பினார். கொழுந்து நிறை குறைந்ததென்று கணக்கப்பிள்ளை முணுமுணுத்தாராம். அடுப்புக்கு முன்னால் அவர் தலை துவட்டிக்கொண்டிருக்கையில், "நாளைக்கு நில்லு அக்கா, அந்தக் காச நான் தர்றேன்" என்றேன். என் சம்பளத்தில் அது முடியாத காரியமல்ல.

அக்கா சிரித்தார். "இந்த மாசம் நீ குடுப்ப. அடுத்த மாசமும் சளி புடிச்சா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. தம்பி தரும் 4,100 ரூபா அன்பு. ஆனால் நோயுற்ற ஓர் உடம்பு ஓய்வுக்காகப் பிறரின் அன்பை எதிர்பார்த்துக் கிடக்கலாமா? என் ஓய்வு யாரும் போட்ட பிச்சையல்ல. அது சட்டப்படி எனக்குள்ள லீவு. அக்காவுக்கு டிஸ்பென்சரிச் சீட்டு இருந்தால் வராததற்குக் காரணம் சொல்லலாம். அன்றைய பேர் விழாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒற்றைக் காம்பரா வாழ்க்கையின் அவலத்தை நம் இலக்கியம் பேசாமலில்லை. பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் அவர்களின் 'மீன்கள்' என்ற சிறுகதையை நேயர்கள் பலர் வாசித்திருப்பீர்கள். இடமில்லாத ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் படுத்தெழுவது எப்படி மனிதரின் மானத்தைத் தொடுகிறது என்பதை அதில் அவர் எழுதினார். வகுப்பில் அந்தக் கதையைப் படிப்பிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த ஜனவரி மாதத்துக்குப் போய்விடும். இடமில்லாத வீட்டில் மானத்துக்கு மறைவில்லை. நோய்க்கும் தனியிடம் இல்லை.

சரித்திரத்திலும் ஒரு முரண்பாடு உண்டு. இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மண்டபம் முகாமில் தடுத்துவைத்துப் பரிசோதிக்கப்பட்ட பிறகே தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் நோய் கொண்டுவந்துவிடக்கூடாதே என்ற கவலை அவ்வளவு இருந்தது. 1918இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் இலங்கைக்கும் வந்து, ஆய்வாளரின் மதிப்பீட்டின்படி ஏறக்குறைய மூன்று இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. பயணம் என்ற ஒன்று இருக்கும் வரை நோயும் கூடவே பயணம் செய்யும். வருகிறவனைச் சோதிப்பதில் நாம் கெட்டிக்காரர்கள். வந்தவன் நோயுற்றால் படுக்க இடமும் நேரமும் இருக்கிறதா என்று கேட்பதிலேதான் பின்தங்கிவிட்டோம்.

2020இல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் ஒரே வசனம் கேட்டது: நோயிருந்தால் வீட்டிலேயே இருங்கள், தனி அறையில் இருங்கள். வானொலியில் அதைக் கேட்டு அக்கா என்னைப் பார்த்தார். தனி அறை எங்கே என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஒப்பந்தங்கள் மாறின. 2019இல் வருகைக் கொடுப்பனவு நீக்கப்பட்டு அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவானது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024இல் அது 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் வருகைக்கென்று நாளொன்றுக்கு 200 ரூபா மீண்டும் அறிவிக்கப்பட்டது. தொகை கூடியதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வராத நாள் என்பது சோம்பலாலும் வரலாம், சளியாலும் வரலாம். செக்ரோலுக்கு இரண்டும் ஒரே வெற்றுக் கட்டந்தான்.

இம்முறை நான் பஸ்ஸில், இரத்தினபுரி, பெரகலை வழியாக வந்தேன். பதுளை நகரில் இப்போது எங்களுக்கு இரண்டு அறை கொண்ட வாடகை வீடு இருக்கிறது. வந்ததும் மனைவி பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, முகக்கவசத்தோடு முன்னறையில் தனியே படுத்தேன். தோட்டத்துக்குப் போகவில்லை. அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "சளி போகட்டும் அக்கா, அப்புறமா வர்றேன்."

"பெரிய மனுஷனாயிட்ட" என்று சிரித்தார். மறுநாள் காலை அவருடைய மகன் வந்து, வாசலிலேயே ஒரு பையை வைத்துவிட்டுப் போனான். தட்டிய கொத்தமல்லியும், வேர்க்கொம்பும், ஒரு கைப்பிடி கற்பூரவள்ளியும் அதில் இருந்தன.

என் வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை தடிமனென்று இரண்டு நாள் வராமல் மூன்றாம் நாள் வந்து நின்றால், முன்பு நான் முதலில் கடிதம் கேட்பேன். இப்போது, "வீட்டில் வேறு யாருக்கும் சளியா?" என்று கேட்கிறேன். "அம்மாவுக்கு, சேர்" என்று பதில் வரும். "அம்மா வீட்டில் நின்றாரா?" என்பேன். பெரும்பாலும் பிள்ளை தலையை ஆட்டும். அம்மா மலைக்குப் போயிருப்பார்.

"கொஞ்சம் படு" என்று சொல்லாத தமிழ் வீடு இல்லை. அதைக் கேட்டவர் உண்மையிலேயே படுக்கக்கூடியவராய் இருக்க வேண்டும். அந்த நாள் வரும் வரை, தடிமனைச் சின்ன நோய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இருமல் வந்துவிட்டது. இத்துடன் விடைபெறுகிறேன்.