திருப்பணியும் சுண்ணாம்புக் காரையும்

(மகா கும்பாபிஷேக விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசிய பெரியோர்கள் இத்தலத்தின் மகிமையையும் மூர்த்தியின் பெருங்கருணையையும் எடுத்துரைத்துச் செவிக்கு நல்விருந்து அளித்தார்கள். அடியேன் புலவன் அல்லன். கட்டடத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன். ஆதலின் என் பேச்சில் செங்கல்லும் சுண்ணாம்பும் மணலுமே மிகுதியாக வரும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

இராஜகோபுர வேலை குறித்த நாளில் முடியாமல் ஐந்து மாதங்கள் தள்ளிப்போயிற்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள். "ஊரெல்லாம் சிமெண்டினால் கட்டுகிறார்கள், நம் கோயிலுக்கு மட்டும் சுண்ணாம்பு எதற்கு? முகூர்த்தம் தவறிப்போனால் யார் பொறுப்பு?" என்று நன்கொடையாளர் சிலர் மனம் வருந்திக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பொருள் கொடுத்தவர்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்; ஏனெனில் சுண்ணாம்புதான் வேண்டும் என்று திருப்பணிக் குழுவில் பிடிவாதம் செய்தவன் நானே.

அந்தப் பிடிவாதம் ஏட்டுப் படிப்பினால் வந்ததன்று. செய்த பிழையினால் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், ஒரு சிறிய சிவாலயத்தின் கோபுரத்தில் பழைய சுதை ஆங்காங்கே உதிர்ந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சுப் பூசலாம் என்று எழுதிக்கொடுத்துக் கையெழுத்திட்டவன் அடியேன். நாற்பதே நாளில் வேலை முடிந்தது. பளபளவென்று வண்ணமும் தீட்டினார்கள். ஊரார் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பன்னிரண்டாம் ஆண்டில் மீண்டும் அழைத்தார்கள். சாரத்தின் மேல் ஏறிப் பூச்சைத் தட்டிப் பார்த்தால் வெற்றுப் பானையைத் தட்டியது போல் ஓசை எழுந்தது. பூச்சுப் பலகை பலகையாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே இருந்த செங்கல்லோ விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. எத்தனையோ தலைமுறை மழையைத் தாங்கிய செங்கல், என் கையெழுத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கவில்லை. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இதற்குக் காரணம் என்ன? பழைய செங்கற் சுவர் மூச்சு விடுகின்ற சுவர். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சும். வெயிற்காலத்தில் சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியே அதை வெளியே விடும். சிமெண்டுப் பூச்சு கடினமானது. அது அவ்வாசலை அடைத்துவிடுகிறது. ஆனால் மேலே ஒரு மயிரிழை வெடிப்புப் போதும், மழைநீர் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்த நீர் வெளியேற வழியின்றி உப்பாகப் பூத்துச் செங்கல்லைத் தின்கிறது. மேலே எண்ணெய் வண்ணம் தீட்டினால் கேடு இரட்டிப்பாகும். சுதையுருவங்களுக்குள் இரும்புக் கம்பி வைத்தால் அதுவும் துருவேறும். துரு, இரும்பினும் இரண்டு மூன்று மடங்குக்கு மேலும் பருமன் பெருகுமாதலால் தெய்வத் திருவுருவத்தை உள்ளிருந்தே பிளந்துவிடும். சிமெண்டு தீயது என்று சொல்ல வரவில்லை. அணைக்கும் பாலத்திற்கும் அது வேண்டும். முதியவரின் தோளில் இரும்புக் கவசத்தைப் பூட்டியது போல, மென்மையான பழஞ்சுவரின் மேல் அதை ஏற்றியதே என் பிழை.

நம் முன்னோர் பொருளின் இயல்பை அறிந்தே கட்டினார்கள். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் குடைவித்த கோயிலை இன்றும் காணலாம். அவன் காலம் 7ஆம் நூற்றாண்டு. அழியும் பொருள் எது, நிற்கும் பொருள் எது என்று அவன் எண்ணிப் பார்த்திருக்கிறான் என்பதைக் கல்வெட்டே காட்டுகிறது. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் செங்கற்றளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் குடமுழுக்குக் கண்டது. 2020 பிப்ரவரி 5ஆம் நாளிலும் கண்டது. ஆயிரம் ஆண்டுக்கு ஒரு கட்டடம் என்றால் அதைவிடச் சிக்கனம் வேறு ஏது? (மணலும் கல்லும் சிறிதும் செலவாகாமல் கட்டிய ஒரே கோயில் திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரின் மனக்கோயில்தான். அதற்கும் இறைவன் காடவர்கோன் கோயிலைக் காட்டிலும் முந்திய நாள் குறித்துவிட்டான். நமக்கு அந்தத் தவம் இல்லை. செங்கல் வாங்கித்தான் ஆகவேண்டும்.)

இனிச் சுண்ணாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு நீங்கும். சுட்ட கல்லை நீரிலிட்டால் கொதித்து நீறும். குழியில் நீரின் அடியில் பல நாள் ஊறவைத்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலந்து காரையாக்குகிறோம். சுவரில் ஏறிய பின் அது காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சிறுகச் சிறுகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல்லாய்ப் பிறந்து, நீறாகி, மீண்டும் கல்லாகும் இச்செயலைக் காணுந்தோறும் எனக்கு மெய்சிலிர்க்கும். காளவாயில் எரித்த விறகின் புகை திரும்பி வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; கணக்கில் ஒளிவுமறைவு கூடாது. சிமெண்டுக்கோ 1450 பாகை வெப்பம் வேண்டும். உலகில் மனிதரால் வெளிவரும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலினால் வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மழை தப்புவதும் வெயில் மிகுவதும் எங்கோ நடக்கும் செய்தியல்ல. நம் கோயில் திருக்குளம் வறண்டதைக் கண்டவர்கள் இச்சபையிலேயே இருக்கிறீர்கள்.

சுண்ணாம்புக் காரைக்கு மற்றொரு நன்மை உண்டு. அதில் பதித்த செங்கல்லை உடையாமல் பிரித்தெடுக்கலாம். சிமெண்டில் பதித்ததை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நம் கோபுரத்தின் மேல் இரண்டு நிலைகளைப் பிரித்தபோது கிடைத்த பழஞ்செங்கல்லில் பெரும்பகுதியை அங்கேயே திரும்ப வைத்திருக்கிறோம். தங்கள் பாட்டனார் கொடுத்த செங்கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. புதிய செங்கல்லுக்காக வண்டல் மண்ணையும் அதிகம் தோண்டவில்லை.

மணலைப் பற்றிப் பேசினால் நெஞ்சு கனக்கிறது. முக்கொம்பில் 1836இல் ஆர்தர் காட்டன் துரை கட்டிய மேலணையின் மதகுகள் ஒன்பது, 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு கொள்ளிட வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஆற்றில் மணலை அளவின்றி அள்ளியதும் அதற்கு ஒரு காரணம் என்று பலரும் கூறினர். காவிரியை அன்னை என்று பாடிவிட்டு அவள் படுக்கையை லாரியில் ஏற்றுகிறோம். நம் திருப்பணியிலும் மணல் வாங்கினோம், மறுக்கவில்லை. இயன்ற இடத்தில் பழங்காரையை இடித்துச் சலித்தும், செங்கற்பொடி சேர்த்தும் மணலைக் குறைத்தோம்.

இவற்றிற்கெல்லாம் ஆள் கிடைத்ததா என்றால், அதுவே பெரிய இடர். மாமல்லபுரத்தில் 1957 முதல் கட்டடக் கலையும் சிற்பமும் கற்பிக்கும் அரசுக் கல்லூரி இருக்கிறது, ஸ்தபதிகள் வருகிறார்கள். ஆனால் சுண்ணாம்பின் பதம் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். முதல் இரண்டு மாதங்கள் ஆள் தேடியே கழிந்தன. கடைசியில் எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவர் வந்தார். கரண்டியில் காரையை எடுத்துக் கவிழ்ப்பார்; விழாமல் ஒட்டி நின்றால்தான் பதம் என்பார். அவரிடம் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆறு பேர் தொழில் கற்றார்கள். அவர்களில் இருவருக்கு அடுத்த ஊர்த் திருப்பணியிலிருந்து இப்போதே அழைப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத் தாமதத்தில் விளைந்தது இது.

கல் மண்டபத் தூண்களில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பு வெள்ளையையும் பொறுமையாகக் கையாலேயே நீக்கினோம். மணலைப் பீய்ச்சியடித்துத் தேய்த்தால் விரைவில் முடியும். கல்வெட்டெழுத்தும் சிற்பத்தின் கண்ணிமையும் கூடவே போய்விடும். தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் அம்முறை தடை செய்யப்பட்டிருப்பது நல்லதே.

திருப்பணி என்றால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று நினைக்கிறோம். அப்பர் பெருமான் அவ்வாறு நினைக்கவில்லை. உழவாரப் படையைக் கையில் ஏந்தி ஊர்தோறும் புல்லையும் முட்செடியையும் செதுக்கினார். கோபுரத்தில் பறவை இட்ட விதையிலிருந்து முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலை விடும்போதே பிடுங்கிவிட்டால் செலவு ஒன்றுமில்லை. வேர் ஓடிய பின் ஒரு நிலையையே பிரிக்க வேண்டும். 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய திருக்காளத்தி இராஜகோபுரம் 2010 மே 26ஆம் நாள் சரிந்து விழுந்ததைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதில் முன்னரே வெடிப்புகள் கண்டிருந்தன.

ஆகவே ஒரு விண்ணப்பம். மீதமுள்ள நிதியைக் கொண்டு வெளிப்பிரகாரம் முழுவதும் கான்கிரீட் தளம் போடலாம் என்று யோசனை நடக்கிறது. தேர் வரும்போது சேறு படுகிறது என்பது உண்மைதான். ஆயினும் தரையை முற்றிலும் மூடினால், மண்ணின் ஈரம் வெளியேற வழியின்றித் திருமதிலில் ஏறும். மழைநீர் நிலத்தில் இறங்காது. கோடையில் அடிப்பிரதட்சிணம் செய்வோர் பாதமும் வெந்துபோம். தளம் உயர உயர உள்ளே நீர் புகும். அதற்கு மாறாக, நடைபாதை அகலத்திற்கு மட்டும் கற்பலகைகளை மணற்படுகையின் மேல் இடைவெளி விட்டுப் பாவி, வாட்டம் திருக்குளத்தின் பக்கம் அமையுமாறு செய்தால் போதும். மதிப்பீட்டை எழுதித் தந்திருக்கிறேன். எஞ்சும் தொகையை வட்டிக்கு இட்டு, ஆண்டுக்கு இருமுறை கோபுரம் ஏறிச் செடி களையவும், வெடிப்புப் பார்க்கவும் இரண்டு ஆட்களுக்குச் சம்பளமாக வைக்கலாம்.

இன்னொன்று சிறியது. மடைப்பள்ளிக்குப் பின்னால் சுண்ணாம்பு நீற்றிய குழியை, வேலை முடிந்ததென்று நாளையே மூடிவிட வேண்டாம். சுமார் நான்கு வண்டிச் சுண்ணாம்பு அதில் நீரின் அடியில் கிடக்கிறது. நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஊற ஊறப் பதம் கூடும். மேலே பலகை போட்டு மூடி, குழந்தைகள் நெருங்காதபடி வேலி கட்டச் சொல்லியிருக்கிறேன். வாரம் ஒருமுறை நீர் ஊற்றும் பொறுப்பை அந்த ஆறு பிள்ளைகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.