கழிவுநீரும் கல்வியும்



வெள்ளி விழா மேடையில் சாக்கடையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிறர் கழித்ததைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் நாம். இன்று நாம் பேச வந்தது அச்சுமையைப் பற்றி அன்று. அந்நீரைத் தூய்மை செய்யும் அறிவைப் பற்றி.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் ஆர்க்கேட்டா என்றொரு சிற்றூர் உண்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 18,000. விரிகுடாவில் கழிவுநீரை விடலாகாது, விடுவதாயின் அதனால் விரிகுடாவிற்கு நன்மை விளைவதை மெய்ப்பிக்க வேண்டும் என்று 1974-இல் மாநில அரசு விதித்தது. சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் ஒரே பெரு நிலையம் அமைத்து, விரிகுடாவின் அடியில் குழாய் பதித்து, நீரைப் பெருங்கடலில் தள்ளுவது என்று திட்டம் தீட்டினர். செலவோ மிகப் பெரிது. ஆர்க்கேட்டா மறுத்தது. மறுப்பது எளிது, மாற்று வழி காட்டுவதன்றோ அரிது! அந்நாளில் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகம் எனப்பட்ட கல்விக்கூடத்தில் மீன்வளம் கற்பித்த ஜார்ஜ் ஆலன், தூய்மை செய்த கழிவுநீரைக் கடல்நீருடன் கலந்து அதில் சால்மன் மீன்குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருந்தார். பொறியியல் கற்பித்த ராபர்ட் கியர்ஹார்ட் 1979-இல் தொடங்கிய சோதனையில், கோரையும் சம்பும் வளர்ந்த சிறு பாத்திகளினூடே நீரை விட்டு அளந்தனர். அந்த அளவுகளே அரசின் இசைவைப் பெற்றுத் தந்தன. 1981-இல் சதுப்பு நிலம் உருவாயிற்று. 1986-இல் சுத்திகரிப்பு முறை முழுமை பெற்றது.

அங்கு நடப்பதை இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். கனமானவை முதலில் தொட்டியில் படிகின்றன. பின்னர் நீர் பரந்த குளங்களில் நாட்கணக்கில் தங்குகிறது. வெயிலில் வளரும் பாசி உயிர்வளியை வெளிவிட, அதைக்கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. ஆனால் பாசி மண்டிய நீரும் ஒருவகை அழுக்கே. கோரைக்காட்டினுள் புகுந்ததும் நிழலில் அப்பாசி மடிந்து படிகிறது. நீருள் மூழ்கிய தண்டுகளில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சியதை உண்கின்றன. இத்தகைய சதுப்புகளில் ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்ற, உயிர்வளி இல்லாத அடிச்சேற்றில் மற்றொரு வகை அதனை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடுகிறது. நைட்ரஜன் மிகுந்த நீர் விரிகுடாவில் சேர்ந்தால் பாசி பெருகும். அது அழுகும்போது உயிர்வளி குன்றி மீன்கள் மடியும். மேல்நிலைச் சுத்திகரிப்பு என்று பொறியாளர் கூறுவதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று.

குறை இல்லாமல் இல்லை. இதற்கு நிலம் நிறைய வேண்டும். விரிகுடாவின் விளிம்பில் தாழ்ந்து கிடக்கும் அந்நிலத்தை, உயர்ந்து வரும் கடல்மட்டம் இப்போது அச்சுறுத்துகிறது.

எம் நெஞ்சைத் தைத்தது வேறொன்று. அச்சதுப்புகளின் பெயர்கள் என்ன தெரியுமா? ஆலன் சதுப்பு, கியர்ஹார்ட் சதுப்பு, ஹவுசர் சதுப்பு. ஊரின் கழிவுநீரோடு தம் பெயர் சேர்வதை அங்கு எவரும் இழிவாகக் கருதவில்லை. இங்கோ, குழியில் இறங்கி மாண்ட நம்மவர் பெயரை எந்தக் கல்லில் செதுக்கினார்கள்? 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேலையைத் தடை செய்தது. மாண்டவர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதனை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. குழியில் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டையின் நாற்றமுடையது. அளவு மிகுந்தால் மூக்கு அந்நாற்றத்தையே உணராது போகும். வேதியியல் வகுப்பில் சொல்லப்படும் இச்செய்தியை, இறங்கியவனுக்கு யார் சொன்னார்?

"சாக்கடையிலிருந்து விலகத்தானே பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், மறுபடியும் அங்கேயா?" என்று ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி, இன்னும் அது எம்மை உறுத்துகிறது. எந்தப் பிள்ளையையும் நாம் இதற்குள் தள்ள மாட்டோம். ஆயினும் குழாய் எவ்வழி செல்வது, எந்த இயந்திரம் வாங்குவது, மனிதன் இறங்காதவாறு எப்படி அமைப்பது என்று முடிவு செய்யும் மேசையில் நம்மவர் அமரவில்லையேல், முடிவின் பயனை மீண்டும் நம்மவரே உடலால் சுமப்பர். ஆகவே, விரும்பி முன்வரும் மாணவர் ஒருவருக்கேனும் சுற்றுப்புறப் பொறியியல் பயில ஆண்டுதோறும் சங்கம் உதவித்தொகை வழங்க வேண்டும் என்ற தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் கொண்டுவர இருக்கிறோம். மாற்றுக் கருத்துடைய பெரியோர்களும் அன்று தவறாது வந்து பேச வேண்டுகிறோம்.