சபைக்கு வெளியே நின்றவர்கள்



கிறிஸ்தவர்கள் திருச்சபை என்கிறார்களே, கிரேக்க மூலத்தில் அது 'எக்லேசியா'. கோயிலோ குருவோ சம்பந்தப்படாத, பச்சை அரசியல் சொல்லாகத்தான் அது புழங்கியது. ஏதென்ஸ் குடிமக்கள் பினிக்ஸ் குன்றில் கூடிச் சட்டமும் போரும் தீர்மானித்த சபைக்கு அதுவே பெயர். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 40 கூட்டம். சில முடிவுகளுக்கு 6,000 பேர் வேண்டும். ஆள் திரட்டுவது அங்கேயும் பெரும்பாடுதான். நம் சங்கச் செயலாளருக்குப் புரியும். சந்தையில் அரட்டையடித்தவர்களைச் சிவப்புச் சாயக் கயிற்றால் வளைத்து ஓட்டிவருவதை அரிஸ்டோபனீஸ் தம் நாடகத்தில் கேலி செய்திருக்கிறார். பிறகு வந்தவர்களுக்குக் காசே கொடுத்தார்கள். கூடியதும், யாருக்குப் பேச விருப்பம் என்று கட்டியக்காரர் கேட்பார். செருப்புத் தைப்பவரும் எழுந்து பேசலாம்.

பெண்களும் அடிமைகளும் பேச முடியாது. பிழைக்க வந்து குடியேறியவர்களும் முடியாது. அவர்களில் ஆண்கள் ஆண்டுக்கு 12 திராக்மா தலைவரி கட்ட வேண்டும், போருக்கும் போக வேண்டும். வாக்கு மட்டும் கிடையாது. அரிஸ்டாட்டிலே அங்கே அப்படி வாழ்ந்தவர்தான். லிசியாஸ் என்ற பேச்சுக்கலை வல்லவரின் தந்தை சிராக்யூஸிலிருந்து வந்தவர். ஏதென்ஸ் ஆட்சியைப் பிடித்திருந்த கொடுங்கோலரை விரட்டப் பணமும் கேடயமும் கொடுத்தார் லிசியாஸ். கி.மு. 403இல் மக்களாட்சி மீண்டதும் அவருக்குக் குடியுரிமை வழங்கினார்கள். முறைப்படி வராத தீர்மானம் என்று வழக்குப் போட்டு அதை ரத்தும் செய்தார்கள். கடைசிவரை பிறருக்கு வழக்குரை எழுதிக் கொடுத்தே வாழ்ந்தார். விசாப் பேச்சு ஓயாத நம் வீடுகளில் இந்தக் கதை யாருக்கும் புதிதல்ல.

நானூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, எபேசு நகரம். கிறிஸ்தவம் பரப்ப வந்த பவுலை எதிர்த்து அரங்கத்தில் திரண்ட கூட்டம் இரண்டு மணிநேரம் கத்துகிறது. பெரும்பாலோருக்கு எதற்கு வந்தோம் என்றே தெரியவில்லை என்கிறது விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள். அந்தக் கூச்சல் கூட்டத்துக்கும் அந்த நூலில் எக்லேசியா என்றுதான் பெயர். அதே ஊரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதி வீட்டிலும் ஓர் எக்லேசியா கூடியது. ரோமிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள், கூடாரம் செய்து பிழைத்தவர்கள். அத்தகைய வீட்டுச் சபைகளில் அடிமைக்கும் பெண்ணுக்கும் இடமிருந்தது. ஆனால் சபையில் பெண்கள் பேசக்கூடாது என்ற வரியும் பவுலின் கொரிந்தியர் கடிதத்தில் உண்டு. அதை அவர்தாம் எழுதினாரா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள்.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு நம் சங்கத்தின் பொதுக்குழு. மாணவர்களுக்கும், பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கும் வாக்களிக்கும் உரிமை தரும் திருத்தம் வருகிறது. நான் கை தூக்கப் போகிறேன்.